பூஸ்ட் ஏறி எறங்குதா? ஸ்கேனரா, கை வேக்கம் பம்பா

ரெண்டுமே என்கிட்ட இருக்கு, அதனால மொதல்லயே சொல்லிடறேன், என் ஓட்டு கை பம்புக்குதான், அதாவது கையால அமுக்கி காத்த உறிஞ்சற, மீட்டர் வச்ச சின்ன பம்பு. வண்டி பழைய டீசல், விஜிடி டர்போ. டர்போ இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி அனுப்பும், அந்த அழுத்தம்தான் பூஸ்ட்; விஜிடில உள்ள இருக்கற வேன்ங்கற சின்ன இறகுங்க திரும்பி அத கூட்டும் கொறைக்கும். அந்த வேன்ங்கள ராடு வச்சு நகத்தற ஆக்சுவேட்டர் வேக்கம்ல, அதாவது காத்த உறிஞ்சற இழுப்புல வேலை செய்ற டைப்பு. 2000 ஆர்பிஎம் தாண்டினா சூப்பரா இழுக்கும், அடுத்த செகண்டே தொங்கிடும், மறுபடி இழுக்கும். காட்டின எடத்துல பானட்டக்கூட தெறக்காம "டர்போ போச்சு சார், மாத்திடலாம்"னாங்க.

ஸ்கேனர்னு நான் சொல்றது அந்த சின்ன ப்ளூடூத் டாங்கிள், இஎல்எம்327னு விக்கறது. விலை கம்மி, ஸ்டியரிங்குக்கு கீழ சொருகிட்டா போன்ல எல்லாம் தெரியும். ஒரு வேலைய மட்டும் அது பிரமாதமா செய்யும். சாவிய ஆன் பண்ணி இன்ஜின ஸ்டார்ட் பண்ணாம எம்ஏபி (இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தம்) ரீடிங்க பாருங்க, நம்ம ராயபுரம், திருவொற்றியூர் பக்கம்லாம் கடல் மட்டம்தான், 100, 101 கேபிஏ (கிலோபாஸ்கல், அழுத்தத்தோட அளவு) காட்டணும். 90ன்னோ 110ன்னோ காட்டினா சென்சார் மேலதான் மொத சந்தேகம், கழட்டிப் பாத்தா பெரும்பாலும் கரி அப்பியிருக்கும், க்ளீன் பண்ணிட்டு மத்தத பாக்கலாம்.

அதுக்கப்பறம்தான் ரோதனை. பூஸ்ட் நிக்குதா இல்லையான்னு பாக்க லோடு வேணும், மூணாவது கியர்ல 1500ல இருந்து ஃபுல் ஆக்சிலரேட்டர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கண்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நிக்கறப்ப இத எங்க பண்றது? மீஞ்சூர் பக்கம் அவுட்டர் ரிங் ரோடுக்குதான் போவணும், அதுவும் போன் ஸ்கிரீன பாக்க பக்கத்துல ஒரு ஆளோட. போனாலும் ஒரேடியா பத்து ஐட்டம் செலக்ட் பண்ணி வச்சா ரீடிங் மெதுவாதான் வரும், நடுவுல பூஸ்ட் எறங்கி ஏறினது தெரியவே தெரியாது, அதனால எம்ஏபி, ஆர்பிஎம் ரெண்டு மட்டும் வைங்க. இன்னொண்ணு, பழைய வண்டிங்க நிறையதுல இன்ஜின் கம்ப்யூட்டர் எவ்ளோ பூஸ்ட் கேக்குதுங்கறது சாதாரண ஆப்ல வராது, எவ்ளோ கெடைக்குதுன்னு மட்டும்தான் வரும்.

கடைசில பி0299ன்னு ஒரு எரர் கோடு வரும், பூஸ்ட் கம்மின்னு அர்த்தம். அது வண்டி ஓட்றவனுக்கே தெரியுமே! வேக்கம் ஹோஸ் லீக்குக்கும் அதே கோடுதான், இன்டர்கூலர் (டர்போல இருந்து வர்ற காத்த குளிர வைக்கறது) பைப் கழண்டாலும் அதேதான், ஈஜிஆர் (புகைய கொஞ்சம் திருப்பி இன்ஜினுக்கே அனுப்பற வால்வு) தெறந்தபடி சிக்கிக்கிட்டாலும் அதேதான், டர்போ வேன் கரில சிக்கினாலும் அதேதான். காய்ச்சல்னு தெர்மாமீட்டர் சொல்லும், டைஃபாய்டா டெங்குவான்னு சொல்லாதுல்ல. அந்தக் கோட மட்டும் வச்சுதான் நல்லா இருக்கற டர்போவெல்லாம் கழட்டறாங்க.

கை பம்ப் இங்கதான் ஜெயிக்குது. வீட்டு வாசல்ல நிறுத்தின வண்டில, இன்ஜின ஆஃப் பண்ணி ஆற விட்டுட்டு, ஆக்சுவேட்டர் மேல இருக்கற ஹோஸ உருவிட்டு பம்ப மாட்டி மெதுவா 0.6 பார் வரைக்கும் இழுங்க. ராடு வழுக்கிட்டுப் போகணும், பம்ப் மீட்டர் முள்ளு அப்டியே நிக்கணும். முள்ளு எறங்கினா ஆக்சுவேட்டர் உள்ள இருக்கற டயாஃப்ரம், அதாவது ரப்பர் சவ்வு, ஓட்டை. முள்ளு நின்னு ராடு மட்டும் பாதில முட்டி டக்குனு குதிச்சா உள்ள வேன் கரி புடிச்சிருக்கு, இல்ல வெளிய ராடு மூட்டுல துரு. நம்ம ஏரியாவுக்கு ரெண்டும் பொருந்தும், துருவுக்கு கடக்காத்து, கரிக்கு ஃபர்ஸ்ட் செகண்ட் கியர்லயே ஊர்ற டிராஃபிக்.

என் வண்டில ஆக்சுவேட்டர் கல்லு மாதிரி புடிச்சு நின்னுச்சு. அதே பம்ப சோலனாய்டுல (கம்ப்யூட்டர் சொல்றபடி ஆக்சுவேட்டருக்கு வேக்கத்த விடற வால்வு) இருந்து வர்ற ஹோஸ்ல மாட்டி, மறுமுனைய அடைச்சு இழுத்தேன், முள்ளு மெதுவா, ரொம்ப மெதுவா எறங்குது. அந்த ஹோஸ் மேல துணி பின்னல் இருக்கும், வெளிய பாத்தா புதுசு மாதிரியே இருக்கு, டர்போ பக்கத்து முனைய ரெண்டு விரல்ல மடிச்சா உள்ள ரப்பர் பொடிப்பொடியா உதிருது. லீக்கால பூஸ்ட் எறங்க, கம்ப்யூட்டர் சோலனாய்ட இன்னும் தெறக்க, பூஸ்ட் அளவு மீறிப் போக, உடனே அது கொறைக்க, இந்த இழுபறிதான் நமக்கு ஏறி எறங்கறதா தெரியுது. ஜி.பி. ரோட்ல மீட்டர் கணக்குல ஹோஸ் வாங்கி மாத்தினேன், டர்போ அதேதான் இன்னிக்கும் ஓடுது.

பம்புக்கு ஆவாத வேலையும் இருக்கு. இன்டர்கூலர் பைப் லீக்க அது காட்டாது. அதுக்கு மொதல்ல பைப் மூட்டுங்கள்ல எண்ணெய் கசிவு பாருங்க, அப்பறம் ரெண்டு முனையையும் அடைச்சு காத்து ஏத்தி சோப்பு தண்ணி அடிக்கணும். மணலி பக்கம் லாரி பஞ்சர் கடைங்கள்ல கம்ப்ரசர் இருக்கு, ஆனா ரெகுலேட்டர் வச்சு 15 பிஎஸ்ஐக்குள்ள நிறுத்துங்க, அவங்க லாரி டயருக்கு ஏத்தற பிரஷர அப்டியே விட்டா இன்டர்கூலர் போயிடும்.

புது பெட்ரோல் டர்போ வண்டிங்கள்ல பெரும்பாலும் எலக்ட்ரானிக் ஆக்சுவேட்டர், அங்க வேக்கம் பம்புக்கு ஜோலியே இல்ல, ஸ்கேனர்தான், அதுவும் அந்தக் கம்பெனி வண்டிக்குன்னே வர்ற ஸ்கேனரா இருந்தா நல்லது. மச்சான் வண்டில பக்கத்துல நின்னு பாத்ததோட சரி, அதுல எனக்கு கை பழக்கம் இல்ல. பழைய டீசல்னா பம்ப மொதல்ல வாங்குங்க, டாங்கிள யார்கிட்டயாவது இரவல் வாங்கிக்கலாம். ஹோஸ் வாங்கப் போறப்ப பழைய துண்ட கையோட எடுத்துட்டுப் போங்க, சைஸ் கொஞ்சம் லூசா இருந்தாலும் மறுபடி அதே லீக்குதான்.