கோல்ஃப் மெம்பர்ஷிப்: சிங்கப்பூர்லயா, ஜொகூர்லயா?

நான் சிங்கப்பூர்ல இருக்கேன், மெம்பர்ஷிப்ப பக்கத்துல மலேசியாவோட ஜொகூர்ல எடுத்துட்டேன், அதனால எந்தப் பக்கம் சாய்வேன்னு முதல்லயே சொல்லிடறேன். புல்லு, கிரீன் (குழியச் சுத்தி இருக்கற மழமழ புல்தரை), கிளப் சாப்பாடு எல்லாத்துலயும் சிங்கப்பூர் ஒரு படி மேலதான், பாஸ்போர்ட்டும் தேவையில்ல. அதுல சண்டையே இல்ல.

சண்டை லீஸ்ல, அதாவது கிளப் நிலத்தோட குத்தகைல. இங்க சிங்கப்பூர்ல மெம்பர்ஷிப்ப வாங்கி விக்கலாம், அதுக்குன்னே புரோக்கர்லாம் இருக்காங்க, அதனால நிறைய பேர் ஏதோ வீடு வாங்கற மாதிரி நெனச்சு பணத்தப் போடறாங்க. ஆனா நிலம் அரசாங்கத்தோடது. 1904ல ஆரம்பிச்ச கெப்பல் கிளப்போட லீஸ் 2021 முடிவோட போச்சு, அந்த எடத்துல ஆயிரக்கணக்குல வீடு வரப்போகுது, அதுல பெரும்பகுதி வீவக, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு. மரினா பே கோல்ஃப் கோர்ஸ 2024ல மூடியாச்சு. ஆர்கிட் கன்ட்ரி கிளப் லீஸ் 2030 வரைக்கும்தான். ஜூரோங் கன்ட்ரி கிளப் கத இன்னும் பாவம், கோலாலம்பூர் அதிவேக ரயிலுக்கு ஸ்டேஷன் கட்டணும்னு லீஸ் முடியறதுக்கு பல வருஷம் முன்னாடியே 2016ல எடுத்துக்கிட்டாங்க, 2021 ஜனவரி 1 அன்னைக்குப் பாத்தா ரயில் திட்டமே ரத்து!

பிடிஓ வீட்டுக்கு, அதாவது பதிஞ்சு வச்சா கட்டித் தர்ற வீவக வீட்டுக்குக் காத்திருக்கறவங்கள நெனச்சா அரசாங்கத்த தப்பு சொல்ல முடியல. ஆனா வாங்கறவன் கணக்கு வேற. கோர்ஸ் குறையக் குறைய மிச்சம் இருக்கற பெரிய கிளப்புக்கு விலை ஏறுது, லட்சக்கணக்குல சிங்கப்பூர் வெள்ளி, சரி, ஆனா லீஸ் நீட்டிச்சதுக்கும் 2040 வரைக்கும்தான் சொல்லியிருக்காங்க. கடைசி சில வருஷத்துல யார் தலைல கட்டுவீங்க? பேர் மாத்த டிரான்ஸ்பர் ஃபீஸ் வேற.

ஜொகூர்ல போட்ட காசு திரும்பி வரும்னு நம்பாதீங்க, நான் அத அப்பவே போனதாத்தான் எழுதிட்டேன். தொகை சின்னது, மாச சந்தா ரிங்கிட்ல, அதனால வலிக்கல. தலைவலி எல்லை தாண்டறதுதான். சிங்கப்பூர் கார் முக்கா டேங்க் பெட்ரோல் இல்லாம எல்லை தாண்டக் கூடாது, சனிக்கிழமை விடிஞ்சப்புறம் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி பக்கம் போனா டீ டைம் (ஆட்டம் ஆரம்பிக்க புக் பண்ண நேரம்) கோவிந்தா, நான் இன்னொரு சாவடி துவாஸ் வழியாத்தான் போறேன். இன்னொண்ணு, ஆட்டம் முடிஞ்சு சும்மா திரும்பறதில்ல, நாசி கண்டார் (சோறும் குழம்பும்), கார் வாஷ், மளிகைன்னு கோல்ஃபுக்கு ஆகறத விட ஜாஸ்தியா அங்க விட்டுட்டு வர்றேன். இங்க கோர்ஸ மூடினா லாபம் யாருக்குன்னு ஜொகூர் கடைக்காரங்களக் கேட்டா தெரியும்.

இந்தோனேசியாவோட பத்தாம் தீவுல ஃபெர்ரி, கிரீன் ஃபீ (ஆட்டக் கட்டணம்), பகி வண்டி, பை தூக்கற கேடி எல்லாம் பேக்கேஜா தர்றாங்க. ஆபீஸ் கூட்டத்தோட போன அனுபவம் மட்டும்தான், அத வச்சு தீர்ப்பு சொல்ல மாட்டேன். மாசத்துக்கு ஒரு ஆட்டம்தான் ஆடுவீங்கன்னா எந்த மெம்பர்ஷிப்பும் வேணாம், அன்னன்னைக்கு காசு குடுத்து ஆடிட்டு வாங்க.