டிஎஸ்சி: முழுதாக அணைப்பதா, பாதியில் விடுவதா?

மினி கூப்பர் எஸ் வைத்திருக்கிறேன் என்றால் திருகோணமலையில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "சாமான் எங்க எடுக்கிறீங்க?" களுத்துறைக்குக் கிட்ட உள்ள கட்டுக்குருந்த ரேஸ் ட்ராக்குக்குக் கொண்டுபோய் ஓட்டுவேன் என்றும் சொன்னால், கார் பைத்தியம் உள்ளவர்கள் அடுத்ததைக் கேட்பார்கள்: "ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை ஓஃப் பண்ணிப்போட்டா ஓடுறீங்க?" இரண்டாவதற்கு நான் சொல்லும் பதில் முதலாவதில்தான் இருக்கிறது.

என்னுடையது ஆர்56 என்ற மொடல். 1.6 லீட்டர் டர்போ, முன்சக்கர இழுவை, மெனுவல் கியர். டாஷ்போர்டின் நடுவே கீழே வரிசையாக இருக்கும் தட்டுச் சுவிட்சுகளில் ஒன்று டிஎஸ்சிக்கு, ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலுக்கு மினியில் அதுதான் பெயர். அதை ஒருமுறை தட்டினால் டிடிசி என்ற இடைநிலை வரும். சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலும் வண்டி கொஞ்சம் நெளிந்தாலும் பேசாமல் இருக்கும், மிஞ்சிப் போனால்தான் தலையிடும். தட்டியபடி பிடித்துக்கொண்டிருந்தால் முழுதாக ஓஃப். எஞ்சினை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் எல்லாம் பழையபடி ஓன். எல்லா ஆர்56இலும் டிடிசி கிடையாது, வாங்குகிறவர்கள் வடிவாகப் பார்த்து வாங்குங்கள். மற்றக் கம்பனிகளும் இதே மாதிரி வைத்திருக்கின்றன. ஹூண்டாய் ஐ20 'என்' மொடலில் லேசாக அழுத்தினால் சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் ட்ராக்ஷன் கண்ட்ரோல் மட்டும் போகும், பிடித்து அழுத்தினால் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் சேர்ந்து போகும். கோல்ஃப் ஜிடிஐயில் இடைநிலைக்கு 'ஈஎஸ்சி ஸ்போர்ட்' என்று பெயர்.

இன்னொரு வழியும் சிலர் சொல்வார்கள்: பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகாமல் பார்க்கும் ஏபிஎஸ்ஸின் ஃபியூஸைக் கழற்றிவிடுவது. வேண்டவே வேண்டாம். ஃபியூஸோடு ஏபிஎஸ் மட்டுமல்ல, முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஈபிடியும் போய்விடும். ஹட்ச்பேக்கில் எடை எல்லாம் முன்னால். பலமாகப் பிரேக் பிடித்ததும் பின்பக்கம் இன்னும் லேசாகும். அந்த நேரத்தில் பின்சக்கரம் முதலில் இறுகினால் வண்டி நேர்ரோட்டிலேயே திரும்பிவிடும். சுவிட்சால் ஓஃப் செய்யும்போது இவை இரண்டும் அப்படியே வேலை செய்யும்.

ஆக மிச்சம் மூன்று: ஓன், டிடிசி, ஓஃப். நான் டிடிசி பக்கம். காரணம் பிரேக்.

ட்ராக்குக்குப் போகாதவர்களுக்கு இது புரியாமல் இருக்கலாம். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் ஏதோ கம்ப்யூட்டர் வித்தை என்று நினைப்போம், ஆனால் அதன் கையில் இருக்கும் ஆயுதங்கள் இரண்டே: எஞ்சின் சக்தியைக் குறைப்பது, ஏதாவது ஒரு சக்கரத்தின் பிரேக்கைத் தனியே பிடிப்பது. ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். மூக்கு வெளியே போனால் உள்பக்கப் பின்சக்கரத்தைப் பிடிக்கும். வால் வெளியே போனால் வெளிப்பக்க முன்சக்கரத்தைப் பிடிக்கும். சாலையில் இது வருடத்துக்கு எப்போதாவது நடக்கும். ட்ராக்கில் வளைவுக்கு வளைவு நடக்கும். முன்சக்கர இழுவை வண்டியில் மூக்கு வெளியே போவதே வழமை என்பதால் அடி முழுக்கப் பின் பிரேக்குக்கு. டிஸ்க்கைக் கவ்வும் அந்தப் பின்பக்கப் பிரேக் பேட்களோ கையகலம்கூட இல்லாத சின்னச் சாமான்கள், இதற்கென்று செய்யப்பட்டவையும் அல்ல.

ஓனில் ஓடிய நாள் ஒன்றுக்குப் பிறகு உப்புவெளியில் கராஜில் சக்கரங்களைக் கழற்றினோம். புது ட்ராக் என்பதால் வேண்டுமென்றேதான் ஓனில் விட்டிருந்தேன். மெக்கானிக் அண்ணன் முன் பேட்டைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் போய்க் குனிந்தவர், "தம்பி, பின்பக்கம் ஏன் இப்பிடித் தின்டு கிடக்கு?" என்றார். முன் பேட்டில் பாதிக்கு மேல் தடிப்பு மிச்சம். பின் பேட்டோ தேய்ந்து இரும்புத் தகட்டை நெருங்கிக்கொண்டிருந்தது, விளிம்பு வெந்து சாம்பல் நிறமாகியிருந்தது. சாதாரண ஓட்டத்தில் இந்தக் கணக்கு நேர்மாறாகத்தான் இருக்கும். மினியில் பேட் தேய்வைச் சொல்லும் சென்சர் வயர் முன் இடப்பக்கம் ஒன்று, பின் வலப்பக்கம் ஒன்று. பேட் அந்த அளவுக்குத் தேய்ந்தால் வயரும் தேய்ந்து அறுந்துவிடும், பேட்டோடு அதையும் புதிதாகப் போட வேண்டும். கொழும்பில், பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடினால் கிடைக்கும், சில நேரம் அன்றைக்கே கிடைக்கும். அன்றைக்கே கிடைக்காவிட்டால் நான் திருகோணமலையில், சாமான் கொழும்பில்.

கடல் காற்று இந்த ஊரின் இன்னொரு செலவு. இரவில் கழுவி நிறுத்திய வண்டியின் டிஸ்க்கில் காலையில் செம்மஞ்சள் துரு படிந்திருக்கும். அது ஒரு பிரேக்கில் போய்விடும், பரவாயில்லை. பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் நகர்கிற ஊசிகளுக்குள் உப்பு இறங்கி இறுகுவதுதான் தொல்லை. ஊசி இறுகினால் பேட் ஒருபக்கமாகத் தேயும், டிஸ்க்கை விட்டு முழுதாக விலகாது, சூடு ஏறிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ஓனில் ஓடுவது கொதிக்கிற உலைக்குக் கீழே இன்னொரு விறகு வைப்பதுதான். பிரேக் ஒயிலும் அப்படியே, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான் அது. டொட் 4 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் சேர்ந்த பிறகு அந்தத் தரத்தின் அளவு 155 பாகைதான். கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி கீழே போகும்.

அந்த வண்டியில்தான் வீட்டுக்கும் வர வேண்டும். கட்டுக்குருந்தவுக்கும் எங்களுக்கும் இடையே 300 கிலோமீட்டருக்குக் கிட்ட. (இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானியக் கடற்படை விமானங்களுக்குப் போட்ட ஓடுபாதை அது. எங்கள் சீனன்குடாவிலும் ஒன்று இருக்கிறது, விமானப்படை அதில் எங்களை ஓடவிடப் போவதில்லை.) கொழும்புக்காரர் ஓடி முடித்து ஒரு மணித்தியாலத்தில் வீட்டில் இருப்பார். நான் ஹபரணை தாண்டும்போது இருட்டியிருக்கும், கந்தளாய் வரை யானை எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். அங்கே பெடல் கல்லுப் போல நிற்க வேண்டும்.

சரி, பிரேக்தான் பிரச்சினை என்றால் முழுதாகவே ஓஃப் பண்ணலாமே என்று கேட்கலாம். நானும் ஓஃபில் ஓடிப் பார்த்தேன். பேட் தேய்வில் டிடிசிக்கும் ஓஃபுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒழுங்காக ஓட்டினால் டிடிசி அநேகமாகத் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதுபோக, ஓஃப் என்றாலும் மினியில் பிரேக் முழு ஓய்வு எடுப்பதில்லை. எலக்ட்ரோனிக் டிஃபரென்ஷியல் லொக் விழித்தே இருக்கும், இறுக்கமான வளைவில் அக்சலரேட்டரைக் கொடுத்தால் வீணாய்ச் சுற்றுகிற உள்பக்க முன்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் செலவைக் குறைக்கத்தான் ஓஃப் என்றால், அந்த லாபம் டிடிசியிலேயே வந்துவிட்டது.

அப்புறம் ஓஃபில் மிஞ்சுவது சந்தோஷம். அதை நான் மறுக்கவில்லை. வளைவின் நடுவில் அக்சலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்ததும் வால் மெல்ல வெளியே வந்து மூக்கு உள்ளே திரும்பும்போது வருகிற இன்பம் டிடிசியில் பாதிதான். ஆனால் அதே காலைக் கொஞ்சம் சடுதியாக எடுத்தால் எடை முழுக்க முன்னால் போய் வால் நிற்காமல் சுழலும். அப்போது எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் திருப்பி, அக்சலரேட்டரை மறுபடி கொடுக்க வேண்டும், முன்சக்கரம் வண்டியை இழுத்து நேராக்கும். பயந்த கால் அதற்கு நேரெதிராகப் பிரேக்குக்குத்தான் போகும். டிடிசி அந்த ஒரு கணத்துக்குத்தான் எனக்கு வேண்டும்.

வண்டி சுழன்று எதிலாவது பட்டால் செலவு முழுக்க நம்முடையது. ஃபுல் இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள், ரேஸ், வேகப் பரீட்சை எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். 2020இல் இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். 2025இல் திறந்துவிட்டார்கள்தான், வரி கொடுத்து இன்னொன்று எடுக்கிற நிலையில் நான் இல்லை. விற்கிற அன்றைக்கும், முன்பக்கம் மாற்றிய மினியை வாங்க வருகிறவர் பொனட் இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்துத்தான் விலை பேசுவார்.

ஓஃப் பொருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு சக்கரம் வீணாய்ச் சுற்றாமல் சக்தியைப் பகிரும் மெக்கானிக்கல் எல்எஸ்டி டிஃபரென்ஷியல் போட்டு, ட்ரெய்லரில் வண்டியைக் கொண்டுவந்து, சுற்று நேரத்தைக் குறைக்கவென்றே ஓடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் சேராது. அகலமான வெறும் தாரில் கோன் வைத்து, பக்கத்து சீட்டில் ஓட்டம் தெரிந்த ஒருவரை இருத்திப் பழகுவதற்கும் ஓஃப்தான் சரி. வால் எப்படி வருகிறது என்று ஒருமுறையாவது உடம்புக்குத் தெரிய வேண்டும்.

ஈரத் தாரில் நான் ட்ராக் ஓடியதில்லை, அதனால் மழை நாளுக்கு என் சொல்லை எடுக்காதீர்கள். ட்ராக்குக்கென்று செய்த, பிடி கூடிய செமி ஸ்லிக் டயரிலும் ஓடியதில்லை. பிடி கூடினால் டிடிசி எப்போது விழிக்கும் என்பதும் மாறும். சரளையில், அதாவது சுப்பர் குரோஸ் போட்டி நடக்கிற மாதிரி இடங்களில், கதையே வேறு.

சுவிட்சில் இடைநிலையே இல்லாத கார் வைத்திருப்பவர்கள் முதலில் கொஞ்சச் சுற்றுகள் ஓனில் ஓடுங்கள். ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓடி ஆற விட்டு, நிறுத்தும்போது ஹாண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கர இடுக்கால் டோர்ச் அடித்துப் பின் பேட்டைப் பாருங்கள். முன்னதைவிடப் பின்னது வேகமாகத் தேய்ந்தால் எலக்ட்ரோனிக்ஸ் உங்களுக்காகக் கனக்க வேலை செய்கிறது என்று அர்த்தம். ஓஃப் சுவிட்சில் கை வைக்குமுன் உங்கள் ஸ்டியரிங்கையும் காலையும் திருத்துங்கள்.