கார்ன்ஹோல் பலகைக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி பக்கம் குடியிருக்கிற நம்மவர்களுக்காக எழுதுகிறேன். கோடை வந்துவிட்டால் இங்கே எந்த வீட்டுக் கொல்லையில் பார்த்தாலும் கார்ன்ஹோல்தான். எதிரெதிரே சாய்த்து வைத்த இரண்டு பலகை, ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை, எதிர்ப்பக்கம் நின்று சின்னப் பையை வீச வேண்டும். பை பலகையில் தங்கினால் ஒரு புள்ளி, ஓட்டைக்குள் விழுந்தால் மூன்று, 21 எடுத்தால் ஆட்டம் முடிந்தது. ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். தாத்தாவும் பேரனும் சேர்ந்து ஆடட்டும் என்று வீட்டிலேயே ஒன்று செய்ய இறங்கினேன்.

அடிச்சட்டத்தையும் காலையும் டூ-பை-ஃபோர் (2-க்கு 4 இஞ்ச் என்ற பெயரில் விற்கும்) மரக்கட்டையில் நானே செய்துவிட்டேன். வட்டமாக ஓட்டை போட ஜிக்சா (வளைவாக அறுக்கும் மின்ரம்பம்) இல்லை. அதனால் மேல்பலகை இரண்டும் பை எட்டும் செய்து தருவதாக ஆன்லைனில் விளம்பரம் போட்டிருந்த ஒருவரிடம் சொன்னேன். அரை இஞ்ச் பிர்ச் பிளைவுட், பைக்குள் பிளாஸ்டிக் குருணை, மழையில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்றார். 140 டாலர். முழுப் பணமும் முன்னாலேயே, அதுவும் வங்கி ஆப் வழியாக மட்டும். அந்த ‘மட்டும்’ காதில் விழுந்தபோதே நான் விலகியிருக்க வேண்டும்.

பெயின்ட் அடித்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, பார்க்க லட்சணமாகத்தான் கொண்டுவந்து இறக்கினார். சட்டத்தின் மேல் வைத்துத் திருகாணி முடுக்கி அன்று சாயங்காலமே ஆடினோம். பை விழுந்த இடத்தில் நிற்கவே இல்லை, துள்ளித் துள்ளிப் புல்லில் போய் விழுந்தது. அப்பா குனிந்து பலகையின் நடுவில் விரல் முட்டியால் தட்டினார். “ஏம்மா, வாங்குறப்ப இதைத் தட்டிப் பாத்தியா?” என்றார். தம்பட்டம் மாதிரி சத்தம்.

கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கால் இஞ்ச் பலகை. நாலு ஓரத்திலும் அடியில் ஒரு பட்டையை ஒட்டி அரை இஞ்ச் போலக் காட்டியிருக்கிறார். ஓட்டையைச் சுற்றியும் அதே போல ஒரு வளையம் ஒட்டி, மேலே கறுப்பு பெயின்ட். இது கைத்தவறு இல்லை. உட்கார்ந்து, அளந்து, வெட்டி ஒட்டிய ஏமாற்று. அந்த வளையத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

பையைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 16 அவுன்ஸ், அதாவது 450 கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டியது, 340 கிராம்தான் இருந்தது. அன்று ராத்திரி மழை. நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்ற பேச்சை நம்பி வெளியிலேயே விட்டிருந்தேன். மூன்றாம் நாள் புளித்த மாவு வாடை. ஐந்தாம் நாள் ஒரு பையின் தையல் இடுக்கிலிருந்து வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. பிரித்தால் உள்ளே மாட்டுத் தீவன மக்காச்சோளம், ஊறிப்போய்ப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது.

போட்டோ எடுத்து அனுப்பினேன். வெட்டிய பலகையைத் திரும்ப எடுப்பதில்லை என்று ஒரு வரி பதில், அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். நீங்களாக அனுப்பிய பணம், நாங்கள் திருப்ப முடியாது என்று வங்கி கைவிரித்தது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் எழுதிக் கொடுத்துத் தகராறு எழுப்ப வழி இருந்திருக்கும். நுகர்வோர் புகார்களை வாங்கும் ஒஹாயோ அட்டர்னி ஜெனரல் (மாநிலத் தலைமை வழக்கறிஞர்) அலுவலகத்தில் புகார் பதிந்திருக்கிறேன்.

செய்து வாங்கத்தான் வேண்டுமென்றால், பலகையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள், நடுவில் தட்டுங்கள், ஒரு பையை எடை போடுங்கள், பிறகு காசு கொடுங்கள். பலகை 2 அடிக்கு 4 அடி, ஓட்டை 6 இஞ்ச், அதன் மையம் மேல் விளிம்பிலிருந்து 9 இஞ்ச்.

பக்கத்து வீட்டுக்காரர் ஜிக்சா இரவல் கொடுத்தார். கடையில் அரை இஞ்ச் பிளைவுட்டை அளவுக்கு வெட்டி வாங்கிவந்து, மையத்தில் ஆணி அடித்து, 3 இஞ்ச் நூல் கட்டிப் பென்சிலால் வட்டம் போட்டேன். கோட்டுக்கு உள்பக்கம் ட்ரில்லால் ஒரு துளை, அதில் பிளேடை விட்டு அறுத்தால் இருபது நிமிட வேலை. பைக்கு டக் என்ற கெட்டியான பருத்தித் துணியை 7 இஞ்ச் சதுரமாக வெட்டி இரட்டைத் தையல் போட்டு, குருணையை அப்பாதான் தராசில் நிறுத்து நிறுத்து நிரப்பினார். அவர் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போதுதான் வேலை முடிந்தது.