திரை மோட்டாருக்கு எந்தப் பவர் சப்ளை?

ரிமோட்டில் ஏறி இறங்கும் ஜன்னல் திரை இப்போது சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளிலும் சகஜம். பலவற்றில் உள்ளே இருப்பது 24 வோல்ட் டிசி மோட்டார். துணியின் நிறத்துக்கு வாரக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெட்டியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. சுவரில் வரும் 230 வோல்ட் நம் கைக்கு எட்டாமல் தடுப்பது அந்தப் பெட்டிதான்.

ஒரே திரை, பக்கத்திலேயே சாக்கெட் என்றால் செருகும் அடாப்டர் போதும், அதிகம் யோசிக்க வேண்டாம். ஏசி அடாப்டர் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் (பதிவு செய்த பிறகே விற்க வேண்டியவை) பட்டியலில் இருக்கிறது. பாதுகாப்பு முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை அதிகாரபூர்வப் பதிவேட்டுத் தளத்தில் தேடிப் பார்க்கலாம். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கியதில் சிஇ (ஐரோப்பியக் குறி) மட்டும் இருந்தால் அது இந்த முத்திரைக்கு ஈடாகாது. குறைந்த திறன் சப்ளைகளுக்கான அமெரிக்காவின் ‘கிளாஸ் 2’ குறியும் அப்படித்தான்.

விளக்கு வேலையில் மிஞ்சிய எல்இடி டிரைவரை (எல்இடி விளக்குக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். மாறா மின்னோட்ட வகை மோட்டாருக்குப் பொருந்தவே பொருந்தாது. 24 வோல்ட் மாறாமல் தரும் வகையிலும் சிக்கல் உண்டு. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் சில மடங்கு இழுக்கும். டிரைவர் அதை ஷார்ட் என்று நினைத்து நிறுத்தும், மறுபடி கொடுக்கும், மறுபடி நிறுத்தும். திரை நாலு விரற்கடை ஏறி நின்று துடித்துக்கொண்டே இருக்கும். கடைக்காரர் மோட்டார் கெட்டுவிட்டது என்பார். மோட்டாரில் ஒரு கோளாறும் இருக்காது.

மின்னணுப் பாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் கிடைக்கும் துளை போட்ட உலோகக்கூட்டு சப்ளை விலை குறைவு, திறனும் அதிகம். ஆனால் 230 வோல்ட் திருகுகள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. இன்னொரு பெட்டிக்குள் வைத்து, எர்த் இணைத்துப் பயன்படுத்த வேண்டிய பொருள் அது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் அப்படியே படுக்க வைப்பதை நான் ஒப்பவே மாட்டேன்.

மூன்று நான்கு திரைகள் என்றால் என் தேர்வு டின் ரெயில் சப்ளை, அதாவது மின்பெட்டிக்குள் இருக்கும் உலோகப் பட்டையில் மாட்டும் வகை. மூடிய பெட்டியில் ஒழுங்காக உட்காரும். சில வகைகள் சில வினாடிகளுக்கு 150 சதவீதம் வரை தாங்கும். மோட்டார் கிளம்ப அதுவே போதும். வாங்கும்போது விவரத்தாளில் எஸ்இஎல்வி (தொட்டாலும் ஆபத்தில்லாத குறைந்த வோல்ட்) வெளியீடு என்றும், ஐஇசி 61558-2-16 அல்லது 62368-1 என்ற பாதுகாப்புத் தர எண்ணும் இருக்கிறதா பாருங்கள். சுமார் 50 டிகிரிக்கு மேல் பலவற்றின் திறன் குறையும், அதனால் காற்றோட்டம் முக்கியம். எல்லாத் திரைகளும் ஒரே பொத்தானில் ஏறுமானால் அத்தனையும் சேர்ந்து இழுப்பதைக் கணக்கிட்டு வாங்குங்கள்.

அப்புறம் வயர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 15 மீட்டர் தூரம் 2 ஆம்ப் போனால் சுமார் 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். 24 வோல்ட்டில் அது சமாளிக்கக்கூடியது. அதே திறனுள்ள 12 வோல்ட் மோட்டாரில் இழப்பு 2 வோல்ட்டைத் தாண்டும், திரை சோம்பலாக ஏறும். டிபி பெட்டியிலிருந்து (வீட்டின் மின் விநியோகப் பெட்டி) தனி லைன் இழுப்பதாக இருந்தால் அது மின் இணைப்பு வேலைகளுக்கான சிங்கப்பூர்த் தரமான எஸ்எஸ் 638 விதிக்குள் வரும் வேலை; உரிமம் பெற்ற மின் ஊழியரைக் கூப்பிடுங்கள்.