ஒரு மினிமூக் விலைக்குப் பதினாறு பெரிங்கர்: நான்கு சிந்தசைசர்கள், ஒரு தோடி காந்தாரம்

மின்சுற்றால் ஒலி எழுப்பும் கீபோர்டு வாத்தியமான சிந்தசைசர்களில் புகழ்பெற்ற மினிமூக் மாடல் டி 2022இல் மறுபடி வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 4,999 டாலர். அதே மின்சுற்றைப் பின்பற்றிச் செய்த பெரிங்கர் மாடல் டி 2018இல் கடைக்கு வந்தது. விலை அப்போது சுமார் 300 டாலர். முதலாவது ஒன்றை வாங்கும் காசில் இரண்டாவதைப் பதினாறு வாங்கலாம். பெரிங்கரில் ‘பாலிசெயின்’ என்று ஒரு வசதி உண்டு. ஒன்றோடொன்று இணைத்தால் பதினாறு பெட்டிகள் சேர்ந்து பதினாறு குரல், அதாவது ஒரே நேரத்தில் பதினாறு ஸ்வரம், கொண்ட ஒரே வாத்தியமாக ஒலிக்கும். ஒற்றைக் குரல் மினிமூக்கின் விலையில் அது முடியும் என்ற கணக்கு பல நாள் என்னை உறங்க விடவில்லை.

அப்படியானால் மீதி 4,700 டாலர் எங்கே போகிறது? ஒலியிலா, மரத்திலா, பெயரிலா? நண்பர் ஒருவரின் ஸ்டுடியோவுக்கு மினிமூக் வந்திருந்தது. மூன்று நாள் என்னை அதனோடு இருக்க விட்டார். என்னிடமிருந்த பெரிங்கரையும், தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கிய கோர்க் மினிலாக் எக்ஸ்டி, ஆர்டூரியா மைக்ரோஃப்ரீக் இரண்டையும் தூக்கிக்கொண்டு போனேன்.

எனக்கு வேண்டியவை இரண்டுதான். பாட்டின் அடியில் நிற்கும் கனமான பேஸ் (அடி ஒலி) ஒன்று, கமகம் (ஸ்வர அசைவு) பிடிக்கும் லீட் (முன்னணி மெட்டு) ஒன்று. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே சோதனை வைத்தேன். முதலில் மந்திர ஸ்தாயி ஸட்ஜத்தை நீளமாகப் பிடித்து, ஃபில்டரை (ஒலியின் மேல் பகுதியை வெட்டும் சுற்றை) மூடிய நிலையிலிருந்து மெல்லத் திறப்பது. அடுத்து தோடி ராகத்தில் ஒரு சின்னப் பிடி, காந்தாரம் நன்றாக அசையும்படி. கடைசியாக, முடிந்தவற்றில் நான்கு ஸ்வரங்களை ஒருசேர வாசிக்கும் ஒரு கார்டு.

சோதிக்குமுன் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்துவிட வேண்டும். ஒலியளவைச் சமமாக வைப்பது. சற்றே சத்தமாக இருப்பதைக் காது ‘நல்ல ஒலி’ என்று எடுத்துக்கொள்ளும். கடையில் நின்று ஹெட்போனில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வாசித்துப் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். நாங்கள் நான்கையும் ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகப் பதிவு செய்து, மீட்டரைப் பார்த்து அளவைச் சமமாக்கிய பிறகுதான் கேட்டோம்.

முதலில் மினிமூக்கும் பெரிங்கரும். இரண்டிலும் ஒலி எழுப்பும் ஆசிலேட்டர் மூன்று, அவற்றைக் கலக்கும் மிக்சர், பிறகு ராபர்ட் மூக்கின் ‘லேடர்’ ஃபில்டர். ஏணிப் படிகள் போல டிரான்சிஸ்டர்கள் ஜோடி ஜோடியாக அடுக்கப்பட்டிருப்பதால் அந்தப் பெயர். ‘கட்டாஃப்’ என்ற எல்லைக்கு மேலே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் 24 டெசிபல் வீதம் ஒலியை வெட்டும். மூன்று ஆசிலேட்டரையும் மிக்சரில் ஏற்றிவிட்டால் சிக்னல் ஃபில்டரைத் திணறடிக்கும். அந்தத் திணறலில் பிறக்கும் லேசான கரகரப்புதான் எல்லோரும் ‘கனமான ஒலி’ என்று சொல்வது. இந்தச் சுற்றுக்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. அது காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இன்று யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால்தான் பெரிங்கரால் செய்ய முடிந்தது.

நண்பர் திரைக்குப் பின்னிருந்து பதிவுகளைப் போட, நான் எது எது என்று சொல்ல வேண்டும். பேஸ் பதிவுகள் பத்தில் ஆறைச் சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஐந்து வந்திருக்கும். ரெசொனன்ஸை (கட்டாஃப் அருகே ஒலியைத் தூக்கிக் காட்டும் அளவை) உயர்த்தி ஃபில்டரை மிக மெதுவாக மூடிய பதிவுகளில் மட்டும் வித்தியாசம் பிடிபட்டது. மினிமூக்கின் மேல் ஸ்தாயி ஒலி அடங்கும்போது உருண்டையாக அடங்கியது. பெரிங்கரில் ஒரு மெல்லிய கூர்மை கடைசிவரை நின்றது. ரெசொனன்ஸ் ஏற ஏற அடி ஒலி இளைப்பது லேடர் ஃபில்டரின் பிறவிக் குணம், அது இரண்டிலும் அப்படியே இருந்தது. மிருதங்கமும் டிரம்சும் சேர்ந்த ஒரு பாட்டுக்குள் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டபோது எனக்கோ நண்பருக்கோ எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பேஸ் மட்டும் போதும் என்பவருக்கு இந்த ஒப்பீடு இங்கேயே முடிந்துவிட்டது. பெரிங்கர் வாங்கலாம்.

ஆனால் தோடியை வாசித்ததும் கதை மாறியது.

பெரிங்கருக்கு வாசிக்கும் கட்டையும் (கீபோர்டும்) கிடையாது, ஸ்வரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் வீலும் கிடையாது. அது சிந்தசைசர் பெட்டிகளை அடுக்கும் யூரோராக் சட்டத்திலும் பொருத்தக்கூடிய ஒரு பெட்டி, அவ்வளவுதான். மிடி (மின்னணு வாத்தியங்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் முறை) கீபோர்டு ஒன்றைத் தனியாக இணைக்க வேண்டும். என் மலிவு கீபோர்டின் வீல் குட்டையானது, ஸ்பிரிங் கடினமானது. ரிஷபத்திலிருந்து மத்யமத்தின் விளிம்புவரை இழுத்து, அசைத்து, காந்தாரத்தில் இறங்குவதற்குள் விரல் வழுக்கிவிடும். மினிமூக்கில் இடது கைக்கு இரண்டு பெரிய சக்கரங்கள். பழைய மினிமூக்கில் பிட்ச் சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லை, விட்ட இடத்தில் நிற்கும். 2022 பதிப்பில் ஸ்பிரிங் உண்டு, விட்டதும் நடுவுக்குத் திரும்பும். ஜாரு (வழுக்கிச் செல்லும் கமகம்) பிடிப்பவருக்குப் பழையது வசதி. கம்பிதத்துக்கு (ஸ்வரத்தை அசைக்கும் கமகம்) புதியது வசதி, ஒவ்வொரு அசைவுக்குப் பின்னும் ஸ்வரம் தன் இடத்துக்குத் தானே வந்துவிடும். அரை மணி நேரத்தில் காந்தாரம் காந்தாரமாகக் கேட்டது. மூன்றாம் நாள் மாலை, தெருவில் போன ஒரு பெரியவர் ஜன்னலருகே நின்று கேட்டுவிட்டுப் போனார். பெரிங்கரோடு பழகிய இரண்டு வருடத்தில் அந்த அசைவு எனக்குக் கிடைத்ததில்லை.

அப்போதுதான் ஓர் எளிய சோதனை தோன்றியது. மினிமூக்கில் மிடி இருக்கிறதே, அதன் கட்டையையும் சக்கரங்களையும் கொண்டே பெரிங்கரை வாசித்தால்? வாசித்தோம். பெரிங்கரிலும் தோடி வந்துவிட்டது! அந்தப் பதிவைத் திரைக்குப் பின்னாலிருந்து போட்டபோது நான் மினிமூக் என்றுதான் சொன்னேன். 4,700 டாலரின் பெரும்பங்கு மரப்பெட்டியிலும், ஃபட்டார் நிறுவனத்தின் கட்டையிலும், சக்கரங்களிலும், அமெரிக்காவின் ஆஷ்வில்லில் செய்யப்பட்ட வேலையிலும் இருக்கிறது. மின்சுற்றில் மிகக் கொஞ்சமே. பெரிங்கர் வாங்கியவர்கள் நல்ல சக்கரங்கள் உள்ள மிடி கீபோர்டுக்கு இன்னும் கொஞ்சம் செலவு செய்யட்டும். சிந்தசைசருக்குக் கொடுத்ததைவிட அதற்கு அதிகம் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

இந்த இரண்டிலும் நம் இசைக்காரர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒரு சுவிட்ச் இருக்கிறது. மூன்றாவது ஆசிலேட்டரைக் கட்டையிலிருந்து துண்டித்துவிடலாம். அதை ஸட்ஜத்தில் வைத்துவிட்டால், மற்ற இரண்டில் ராகம் வாசிக்கும்போது அது தம்புரா போல நிற்கும். ஒரே ஃபில்டர் வழியாக மூன்றும் போவதால், ஃபில்டர் திறக்கும்போது சுருதியும் ராகமும் சேர்ந்தே மலரும். தனித் தம்புராப் பெட்டி வைத்து வாசித்தால் இந்த உணர்வு வராது. ஆனால் மெஷினைப் போட்டு இருபது நிமிடமாவது சூடேற விட வேண்டும். அனலாக் ஆசிலேட்டரின் சுருதி வெப்பத்தோடு நகரும். ஏசி அறையிலிருந்து வெளி மேடைக்குக் கொண்டுபோனால் மறுபடி சுருதி சேர்த்தாக வேண்டும். இரண்டிலும் ஒலியைச் சேமித்து வைக்க நினைவகமும் கிடையாது. கச்சேரியில் பாட்டுக்குப் பாட்டு ஒலி மாற்றுகிறவர்கள் நாப்களின் நிலையைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

மினிலாக் எக்ஸ்டி வேறு இனம். 2019இல் 649 டாலருக்கு வந்தது. நான்கு குரல். ஒவ்வொரு குரலுக்கும் இரண்டு அனலாக் ஆசிலேட்டரும், ‘மல்டி எஞ்சின்’ என்ற ஒரு டிஜிட்டல் ஆசிலேட்டரும். ஸ்டீரியோ எஃபெக்ட்கள் உள்ளேயே இருக்கின்றன. 500 ஒலிகளுக்கு இடம். கார்டு சோதனையில் இது ஒன்றுதான் முழு மதிப்பெண் வாங்கியது. பேஸில் இரண்டு படி கீழே. முந்தைய மினிலாக்கில் ஃபில்டரை 12 டெசிபலுக்கும் 24 டெசிபலுக்கும் மாற்றும் சுவிட்ச் இருந்தது. எக்ஸ்டியில் 12 மட்டும். யூனிசனில் (ஒரே ஸ்வரத்துக்கு) நான்கு குரலையும் அடுக்கினால் ஒலி அகலமாகிறது, ஆழம் அந்த அளவுக்கு ஏறவில்லை. கட்டைகள் 37, அவையும் மெலிந்தவை. பிட்ச் வீலுக்குப் பதில் ஒரு சின்ன ஜாய்ஸ்டிக். அதில் தோடி வாசித்தபோது எனக்கு அழுகை வராத குறை.

அப்படியும் எக்ஸ்டியை என்னால் ஒதுக்க முடியவில்லை. காரணம் அதன் மைக்ரோ டியூனிங். ஸ்வரஸ்தானங்களை நாமே நுணுக்கமாக மாற்றி அமைத்துச் சேமிக்கலாம். சங்கராபரணத்தின் அந்தர காந்தாரத்தைச் சுமார் 14 சென்ட் (அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறக்கி 5:4 விகிதத்துக்குக் கொண்டுவந்து, ஸட்ஜம், பஞ்சமத்தோடு சேர்த்துப் பிடித்தேன். பியானோ சுருதியில் கேட்டுப் பழகிய அந்த மெல்லிய அலைச்சல் அடங்கி, மூன்றும் ஒன்றாக உறைந்து நின்றன. மினிமூக்கில் ஒரு ஸ்வரத்தை மட்டும் இப்படி நகர்த்த வழியே இல்லை. அதன் விலையில் ஏழில் ஒரு பங்குகூட ஆகாத பெட்டியில் இது இருக்கிறது.

நான்காவது, மைக்ரோஃப்ரீக். 2019இல் சுமார் 300 டாலர். படத்தில் பார்த்தபோது விளையாட்டுச் சாமான் என்று நினைத்தேன். ஆசிலேட்டர் டிஜிட்டல், ஃபில்டர் மட்டும் அனலாக், அதுவும் நான்கு ஸ்வரத்துக்கும் ஒன்றே. ஆகவே கார்டு வாசித்தால் நான்கும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பேஸ் சோதனையில் மற்றவற்றின் பக்கத்தில்கூட வரவில்லை.

ஆனால் கட்டை! உண்மையில் அது கட்டையே இல்லை, தட்டையான ஒரு தொடுபலகை. அழுத்தும்போது விரல் எவ்வளவு பரப்பில் படுகிறது என்பதை ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக அளக்கிறது. அந்த அழுத்தத்தை ‘மேட்ரிக்ஸ்’ என்ற பலகையில் பிட்சோடு இணைத்துவிட்டேன். ரிஷபத்தில் விரலை வைத்து லேசாக அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுப் பார்த்தேன். காந்தாரம் அசைந்தது. வீணையில் கம்பியை ஓரமாக இழுக்கும் விரலுக்கு இது அந்நியமாக இராது. வலது கையே கமகத்தைப் பார்த்துக்கொள்வதால் இடது கை ஃபில்டருக்குக் கிடைக்கிறது. கம்பி மீட்டலைக் கணக்கிட்டு எழுப்பும் கார்ப்ளஸ்-ஸ்ட்ராங் முறையும் அதன் ஒலிகளில் ஒன்று. ஸ்டான்ஃபோர்டில் பிறந்து 1983இல் வெளியான முறை அது. அதைப் போட்டுக்கொண்டு தோடி வாசித்தபோது அறையில் இருந்த மூன்று பேரும் பேச்சை நிறுத்தினோம். குறையும் உண்டு. அழுத்தம் ஸ்வரத்தை ஒரு திசையில்தான் நகர்த்தும். விரல் வியர்த்தால் பலகை ஒட்டிக்கொள்ளும். மே மாதத்தில் பக்கத்தில் ஒரு துண்டு இல்லாமல் வாசிக்க முடியாது.

விலையை ஒலியோடு ஒட்டிப் பார்க்கும் பழக்கத்தை விடச் சொல்லும் பழைய சாட்சி ஒன்று உண்டு. ரோலண்ட் டிபி-303, பேஸ் கிட்டாருக்குப் பதிலாக என்று 1981இல் வந்தது. யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. 1984இல் நிறுத்திவிட்டார்கள், மிஞ்சியவை அடிமாட்டு விலைக்குப் போயின. மும்பைத் திரையிசைக் கிட்டார் கலைஞர் சரண்ஜித் சிங் அதையும், டிஆர்-808 தாளப் பெட்டியையும், ஜூபிட்டர்-8 சிந்தசைசரையும் சேர்த்து 1982இல் ராகங்கள் வாசித்துப் பதிவுசெய்து இசைத்தட்டாக வெளியிட்டார். 303ஐ அவர் தேர்ந்ததில் எனக்கு வியப்பில்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் ‘ஸ்லைடு’ அதில் உண்டு, நம் காது அதைத்தானே தேடும்? பின்னால் சிகாகோவின் நடன இசைக்காரர்கள் கையில் அது புகழ் பெற்றது. இன்று பழைய 303 ஒன்றின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பெட்டிக்குள் இருக்கும் சுற்று அன்றும் இன்றும் அதேதான்.

நம் ஊரில் வாங்கும்போது இறக்குமதி வரி, ஜிஎஸ்டி, அனுப்பும் செலவு எல்லாம் ஏறும். நான் சொன்ன டாலர் விலைகள் ஒன்றுக்கொன்று ஒப்பிட மட்டுமே. விலை உயர உயர வரியும் உயர்வதால் மினிமூக்குக்கும் மற்றவற்றுக்கும் உள்ள இடைவெளி ரூபாயில் இன்னும் விரியும். ரிப்பேரையும் யோசிக்க வேண்டும். பெரிங்கரின் உள்ளே கண்ணுக்கே எட்டாத பொடிச் சில்லுகள், நம் ஊர் மெக்கானிக்குகள் பலர் தொடத் தயங்குவார்கள்.

மூன்றாம் நாள் இரவு மினிமூக்கைத் துணி போட்டு மூடிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் மைக்ரோஃப்ரீக் ஒன்றுக்குப் பணம் கட்டினேன். என் பழைய மிடி கீபோர்டை விற்றுவிட்டு, நீளமான சக்கரங்கள் உள்ள ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது பெரிங்கருக்கு.