325 டாலர் ஆம்பும் என் பெடல் ஸ்டீலும்: ஆறு வருட அனுபவம்

பெடல் ஸ்டீல் கிட்டார் (கிடத்திவைத்து, தந்திமேல் கட்டையை வழுக்கி, காலால் பெடல் மிதித்து ஸ்வரம் மாற்றி வாசிப்பது) வாங்கி முடித்தபோது கையில் காசு சுத்தமாக இல்லை. வீட்டிலிருந்த 15 வாட் வால்வ் ஆம்பே (ஒலிபெருக்கிப் பெட்டி) போதும் என்று இருந்துவிட்டேன். சாதாரண கிட்டாருக்கு அருமையான பெட்டி அது. டாலஸ் பக்கம் ஒரு நண்பரின் கராஜில் டிரம்ஸோடு சேர்ந்து வாசித்த முதல் நாளே குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஸ்வரம் மாற்றும் ஏ, பி பெடல்கள் இரண்டையும் மிதித்து ஒரு கார்டை, அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து, வாசித்தேன். வந்தது வெறும் கரகரப்பு.

ஏன் என்று புரியக் கொஞ்ச நாளானது. ஸ்டீலில் ஸ்வரம் அவ்வளவு நேரம் நிற்பது வால்யூம் பெடலால்தான். சுண்டும்போது பெடல் பாதி மூடியிருக்கும். ஒலி தேயத் தேய வலது கால் அதை மெல்லத் திறந்துகொண்டே போகும். அதனால் கரகரக்காமல் சத்தம் கூட்ட ஆம்பில் எப்போதும் சக்தி கையிருப்பு வேண்டும். ராக் வாசிப்பவர்களுக்குக் கரகரப்புதான் உயிர். நமக்கு அது ஆகாது. மூன்று தந்திகள் சேர்ந்து ஒலிக்கையில் ஒன்று மட்டும் வழுக்கி அடுத்த ஸ்வரத்துக்குப் போவதுதான் இந்த வாத்தியத்தின் அழகே. கரகரப்பு சேர்ந்தால் மூன்றும் குழைந்து கஞ்சியாகிவிடும். (ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டுவிட்டு, "கோட்டுவாத்தியமா கத்துக்கறே?" என்றார். தந்திமேல் கட்டையை வழுக்கி வாசிப்பதில் அவர் சொன்னது சரிதான்.)

சரி, அதிக வாட் வேண்டும். 3 டெசிபல் கூட்டவே வாட் இரட்டிப்பாக வேண்டும். 15-லிருந்து 80-க்குப் போனால்கூடக் கூடுவது 7 டெசிபல்தான். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் என்றால் 85 வாட், சுத்தமான ஒலி, ஆசையும் இருந்தது. ஆனால் கிட்டத்தட்ட 29 கிலோ, விலையும் நம் எல்லைக்குள் இல்லை. அதனால் பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் தேட ஆரம்பித்தேன்.

முதலில் வாங்கியது ஒரு கிழட்டுப் பெட்டி, பிராண்டு வேண்டாம். பாட்டின் நடுவில் சத்தம் திடீரென்று பாதியாகும், பெட்டியை ஒரு தட்டு தட்டினால் திரும்பி வரும். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு எங்கள் டிரம்மருக்கு 80 டாலருக்குத் தள்ளிவிட்டேன். அவர் பின்புறம் எஃபெக்ட்ஸ் லூப்பின் (எஃபெக்ட் கருவிகளை இடையில் செருகும் இடம்) இரண்டு ஜாக்குகளையும் ஒரு சின்ன வயரால் இணைத்தார். வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் தொடுமுனையில் களிம்பு ஏறியிருந்ததுதான் கோளாறு. பழைய ஆம்ப் பார்க்கப் போகிறவர்கள் பையில் அந்த வயர் ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள்.

அப்புறம் 325 டாலருக்குக் கிடைத்ததுதான் பீவி நாஷ்வில் 112. 80 வாட், ஒற்றை 12 அங்குல ஸ்பீக்கர், ஒரு கையால் காரில் ஏற்றிவிடலாம். ஸ்டீல் வாசிப்பவர்களுக்கென்றே செய்தது என்பதால் நடு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிட் குமிழுக்குப் பக்கத்தில் ஷிஃப்ட் என்று இன்னொன்று இருக்கும். எந்த அலைவெண்ணில் கூட்டுவது, குறைப்பது என்று அது தீர்மானிக்கும். ஷிஃப்டை 800 ஹெர்ட்ஸில் நிறுத்தி மிட்டைக் குறையுங்கள். சளி பிடித்த மூக்கு திறந்த மாதிரி இருக்கும். ஆறு வருடத்தில் நான் அதிகம் தொட்ட குமிழ் இதுதான்.

என்னை ரொம்ப நாள் ஏமாற்றியது ஆம்பை வைத்த இடம். நாம் உட்கார்ந்து வாசிக்கிறோம், ஆம்ப் பின்னால் தரையில் இருக்கிறது. டிரெபிள், அதாவது கீச்சொலி, நேர்கோட்டில் முழங்கால் உயரத்தில் போய்விடுகிறது, காதுக்கு மந்தமாகத்தான் கேட்கும். நான் டிரெபிளை ஏற்றிக்கொண்டே போனேன். எதிரில் இருந்த பாஸ் கிட்டார்காரர் ஒருநாள், "காதுல ஊசி குத்துறே" என்றார். பால் கிரேட் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஆம்பை ஏற்றிய பிறகு டிரெபிள் பாதிக்கு இறங்கிவிட்டது.

12 அங்குல ஸ்பீக்கர் போதுமா என்று கேட்பார்கள். ஈ9 என்ற சுருதியமைப்பில் வாசிப்பவர்களுக்குப் போதும். அதன் அடித் தந்தி ஏறக்குறைய 123 ஹெர்ட்ஸ், சாதாரண கிட்டாரின் 82-ஐவிட மேலே. டெக்சாஸ் ஸ்விங் என்ற இசைக்கான சி6 சுருதியமைப்பில் அடித் தந்தி 65-க்கு இறங்கும். அங்கே என் பெட்டி திணறத்தான் செய்யும், 15 அங்குலம் தேடுவது நல்லது. பெரிய கூடத்தில் டிரம்ஸுக்கு எதிராக வாசிக்கும்போதும் 80 வாட் எல்லையைத் தொடுகிறது; நான் ஆம்புக்கு முன்னால் மைக் வைத்துவிடுகிறேன்.

போன மாதம் 'நாஷ்வில் 400' என்ற பெரிய மாடல் ஒன்று விலைக்கு வந்தது. 200 வாட்டுக்கு மேல், 15 அங்குல ஸ்பீக்கர், விலையும் நியாயம். சி6-ஐயும் தொடலாமே என்று ஆசையாகப் போனேன். தூக்கிப் பார்த்தேன். என் முதுகு அங்கேயே பதில் சொல்லிவிட்டது.