தோடர் சால்வையின் சிவப்பும் என் கலரிமீட்டரும்

ஊட்டியில் தோடர் சால்வைகளைப் படம் எடுத்து இணையக் கடைகளுக்குக் கொடுப்பது என் வேலை. வெளிர் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல், அவ்வளவுதான். நிறம் குறைவு என்பதால் கொஞ்சம் பிசகினாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். "அண்ணா, படத்துல செங்கல் கலரா இருந்துச்சு, வந்தது நல்ல சிவப்பு" என்று சென்னைக்காரர் ஒருவர் சால்வையைத் திருப்பி அனுப்பியபோது, மானிட்டரின் நிறத்தை அளந்து சரிசெய்ய உதவும் கலரிமீட்டர் ஒன்று வாங்கினேன். சில வருடங்களாக அதனோடுதான் புழங்குகிறேன்.

கருவி நல்ல கருவிதான். ஆனால் அதற்குக் காசு போடுமுன் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது: படத்தை எஸ்ஆர்ஜிபியில் (இணையத்தில் வழக்கமான நிற அளவுமுறை) ஏற்றுமதி செய்து, ப்ரொஃபைலையும் (எந்த நிற அளவுமுறை என்று சொல்லும் குறிப்பு) உள்ளே வைத்து அனுப்புவது. அதைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபி அளவுமுறையில் சேமித்த படத்திலிருந்து ப்ரொஃபைல் கழன்றுவிட்டால் பிரவுசர் அதை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். எஸ்ஆர்ஜிபியில் உச்ச மதிப்பான 255 ஆக இருக்க வேண்டிய முழுச் சிவப்பு அடோபி ஆர்ஜிபியில் 219 என்று எழுதப்படும். பிரவுசர் அந்த 219ஐ அப்படியே காட்டினால் சிவப்பு மங்கிப்போகும். தேயிலைத் தோட்டப் படமென்றால் இன்னும் மோசம், பச்சை வெளிறி மஞ்சளோடிக் கிடக்கும். பதிவேற்றும்போது இடத்தை மிச்சம் பிடிக்க ப்ரொஃபைலைக் கழற்றிவிடும் கடைத் தளங்கள் உண்டு. வழக்கமான எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலே மொத்தம் 3 கேபிதான், அதில் என்ன மிச்சமாகிறதோ! எப்படியோ, படம் முதலிலேயே எஸ்ஆர்ஜிபியில் இருந்தால் ப்ரொஃபைல் போனாலும் பெரிய சேதமில்லை.

சரி, கருவிக்கு வருவோம். மானிட்டருக்கு நான் வைக்கும் இலக்கு: வெண்மை 6500 கெல்வின், காமா (நடுத்தர வெளிச்சங்கள் எவ்வளவு பளிச்சென்று தெரியும் என்ற அளவு) 2.2, திரை வெளிச்சம் 100 முதல் 120 நிட் வரை. இணையப் படங்களுக்கு இது போதும். கருவியோடு வந்த மென்பொருளை ஓரங்கட்டிவிட்டு இலவசமான டிஸ்ப்ளேகாலுக்கு மாறிவிட்டேன். பொறுமையாக அளக்கும், என்ன அளந்தது என்பதையும் காட்டும். முதல் தடவை முடித்ததும் என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஸ்க்ரீனுக்கு மஞ்சக்காமாலையா?" என்றாள். அத்தனை நாள் நீலம் தூக்கலான திரைக்கே கண் பழகியிருந்தது. இரண்டொரு நாளில் சரியாகிவிட்டது.

ஊட்டிக் குளிரில் மானிட்டரை அரை மணி நேரமாவது ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும். பழைய மாடல் கலரிமீட்டர்களில் ஃபில்டர் ஈரத்தில் கெட்டுப்போகும் என்பதால், இரண்டாம் கையாக வாங்குபவர்கள் ஜாக்கிரதை. என்னுடையதை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில்தான் வைத்திருக்கிறேன். ஒரே எரிச்சல், கம்ப்யூட்டர் தூங்கி எழும்போது விண்டோஸ் சில சமயம் அளவுத்திருத்தத்தைக் கைவிட்டுவிடும். சாம்பல் பட்டைப் படம் ஒன்றைத் திறந்து, அதில் வேறு நிறம் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன்.

கேமராவில் கெட்டதைக் கலரிமீட்டர் மீட்டுத் தராது. சிவப்புக் கம்பளி நூலில் மொத்த ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காக இருப்பதுபோல் தெரியும்; சிவப்புச் சேனல் மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். அப்புறம் இழை எண்ணிப் போட்ட தையல் ஒன்றுமே தெரியாது, தட்டையான சிவப்புப் பட்டைதான். கேமராவில் வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் குறைத்து எடுத்தால் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நிற்கும். பனிமூட்ட வெளிச்சத்தில் துணி நீலம் பாயும், நிறத்தைச் சரிசெய்ய சாம்பல் அட்டை ஒன்று பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

மலிவு லேப்டாப் பேனல் வைத்திருப்பவர்கள் இந்தக் கருவியை வாங்க வேண்டாம். எஸ்ஆர்ஜிபி நிறங்களில் 60 சதவீதத்தைச் சொச்சம் மட்டும் காட்டும் பேனலை எத்தனை தடவை அளந்தாலும் இல்லாத சிவப்பு வராது. அந்தப் பணத்தை, நிறத்தை நன்றாகக் காட்டும் ஐபிஎஸ் வகை மானிட்டருக்குப் போடுங்கள்.

வாங்குபவரின் போன், நிறங்களைத் தூக்கிக் காட்டும் விவிட் மோடில் இருந்தால் அதற்கு நம்மிடம் மருந்தில்லை. அதனால் இப்போது கடைக்காரர்களிடம் சொல்லி, சால்வை விவரத்தில் 'நல்ல சிவப்பு, மெரூன் அல்ல' என்று ஒரு வரி போடச் சொல்கிறேன்.